தானே திறக்கும் மதகு

மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், ஞாயிறு மாலையில் அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் பிருந்தாவனத் தோட்டமே. விளக்கொளியில் ஆடும் நீரூற்றுகளைக் கண்டு மகிழ்வோர், தோட்டத்தின் பின்னே நீண்டு கிடக்கும் கற்சுவரை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அச்சுவரே கிருஷ்ணராஜ சாகர் அணை. காவிரியோடு ஏமாவதி, இலட்சுமண தீர்த்தம் ஆகிய ஆறுகளின் நீரும் அங்கே தேங்குகிறது. அவ்வணை எழ முன்னின்றவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. அவர் பெரும் பொறியாளர் என்பதையும் மைசூரு அரசின் திவானாக இருந்தவர் என்பதையும் பலர் அறிவர். அவர் புதிய கருவியொன்றைக் கண்டுபிடித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

விசுவேசுவரய்யா 1861 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், இன்றைய சிக்கபள்ளாபுர மாவட்டத்திலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பயின்ற காலத்தில், சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் செலவைச் சமாளித்தார். 1881 இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூரு அரசின் உதவித்தொகை கிடைக்கவே, புனே நகரில் பொறியியல் கற்றுத் தேறி, பம்பாய் மாகாண அரசில் பணியில் சேர்ந்தார்.

அப்பணியில் அவருக்கு வாய்த்த சவால்களுள் ஒன்று சிந்து ஆற்றங்கரையிலுள்ள சுக்கூர் நகரின் குடிநீர். ஆற்றுநீர் எப்போதும் கலங்கலாக இருந்தது. அதனை வடிகட்டும் தொட்டிகள் அமைக்க நகராட்சியிடம் போதிய பணம் இல்லை. விசுவேசுவரய்யா ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணலின் ஊடே கசிந்து, தெளிந்து ஊறிய நீர் நகருக்குக் கிடைத்தது. கோடையில் வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் இறைக்கும் தமிழகச் சிற்றூர்ப் பெண்கள் இந்த முறையைக் கண்டு வியக்கமாட்டார்கள். அவர்கள் கைகளால் தோண்டும் ஊற்றையே அவர் ஒரு நகரத்துக்குத் தேவையான அளவில் தோண்டினார்.

புனேக்கு அருகில் முத்தா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா என்னும் ஏரி உண்டு. நகரத்தின் குடிநீருக்கும் வயல்களின் பாசனத்துக்கும் அதுவே ஆதாரம். ஏரி நிரம்பியபின் மிகுதி நீர் வழிந்தோடுவதற்காகக் கட்டப்படும் தாழ்ந்த சுவரைத் தமிழில் கலிங்கு என்பர். மழைக்காலத்தில் கடக்வாஸ்லாவின் கலிங்கைத் தாண்டி நீர் பெருகி ஓடி வீணாயிற்று. கோடை வந்ததும் தட்டுப்பாடு தலைகாட்டியது. கலிங்கின் உயரத்தைக் கூட்டினால் கூடுதலாக நீர் தேங்கும். ஆனால் பெருவெள்ளம் வரும்போது அந்த நீர் வெளியேற வழியின்றி அணையையே உடைத்துவிடக்கூடும். கதவுகள் வைத்தால் அவற்றைத் திறக்க ஆள் வேண்டும். நள்ளிரவில் வெள்ளம் வந்து, காவலர் கண்ணயர்ந்திருந்தால் ஊரே அழியும்.

காவலர் இல்லாமலே கதவு திறக்க வேண்டும். வெள்ளம் தணிந்ததும் அதுவே மூடிக்கொள்ள வேண்டும். விசுவேசுவரய்யா இதற்கு எந்திரத்தையோ நீராவியையோ நாடவில்லை. துலாக்கோலின் தத்துவத்தையும் நீரின் தன்மையையும் மட்டுமே துணைக்கொண்டார். கதவின் பாரத்தை ஓர் எதிர் எடை தாங்கிச் சமநிலையில் நிறுத்தும். ஏரிநீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால், மிகுதி நீர் அந்த எடை தொங்கும் அறைக்குள் புகும். நீருக்குள் இருக்கும் பொருள் எடை குறைந்ததுபோல் ஆகும் அல்லவா? உடனே சமநிலை குலையும். கதவு நகர்ந்து வெள்ளத்துக்கு வழிவிடும். நீர்மட்டம் தாழ்ந்ததும் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும். காப்புரிமை பெற்ற இத்தானியங்கி மதகுகள் 1903 இல் கடக்வாஸ்லாவில் பொருத்தப்பட்டன. ஏரியில் ஏறத்தாழ எட்டு அடி உயரத்துக்குக் கூடுதலாக நீரைத் தேக்க முடிந்தது.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சட்டை மாட்டும் தாங்கி ஒன்றைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிடுக. அதன் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு கற்களை நூலால் கட்டுக. தாங்கி சாயாமல் நிற்கும்வரை நூல்களைச் சற்று நகர்த்திச் சரிசெய்க. பின்னர் நீர் நிறைந்த கிண்ணம் ஒன்றை ஒரு கல்லின் கீழே வைத்து, அக்கல் முழுதும் அமிழும்வரை மெல்ல உயர்த்துக. கல் கிண்ணத்தின் அடியைத் தொடக்கூடாது. நீரில் அமிழ்ந்த கல் மேலெழும், மற்றது கீழிறங்கும். கீழிறங்கும் கல்லைக் கதவாகவும், நீருக்குள் இருக்கும் கல்லை எதிர் எடையாகவும் எண்ணிக்கொள்க. கிண்ணத்தை அகற்றினால் என்ன நிகழும் என்பதை முதலில் ஊகித்து எழுதிவிட்டு, அதன்பின் அகற்றுக. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், தாத்தா வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்தும் இதனை உணரலாம். நீருக்குள் இருக்கும்வரை எளிதாக வரும் வாளி, நீர்மட்டத்தைவிட்டு எழுந்ததும் கனக்கும்.

1909 இல் விசுவேசுவரய்யா மைசூரு அரசின் தலைமைப் பொறியாளரானார். 1911 இல் கண்ணம்பாடி என்னும் ஊரருகே அணை வேலை தொடங்கியது. அவ்வணை பலருடைய தேவைகளுக்காகத் திட்டமிடப்பட்டது. மண்டியாவின் வறண்ட நிலங்கள் வாய்க்கால் நீருக்குக் காத்திருந்தன. சிவனசமுத்திரத்தின் மின்நிலையத்துக்கு ஆண்டு முழுதும் சீரான நீரோட்டம் தேவைப்பட்டது. அங்கு உருவான மின்சாரமே, தமிழர் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கியது. ஆயினும் அணை எளிதில் எழவில்லை. கண்ணம்பாடி உள்ளிட்ட ஊர்கள் நீரில் மூழ்கின. அங்கு வாழ்ந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். தஞ்சைக்கு வரும் நீர் குறையுமோ என்று சென்னை மாகாணம் அஞ்சியது. 1924 இல் இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலை நிறைவுற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பிற பொறியாளர்களும் எண்ணற்ற தொழிலாளர்களுமே அதனை முடித்தனர். கடக்வாஸ்லாவில் பிறந்த தானியங்கி மதகு இவ்வணையிலும் இடம்பெற்றது.

விசுவேசுவரய்யா 1912 முதல் 1918 வரை திவானாகப் பணியாற்றினார். மைசூருப் பல்கலைக்கழகம் 1916 இல் தோன்றியது அக்காலத்தில்தான். 1955 இல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரலில் மறைந்தார். அவர் பிறந்த நாள் இந்தியாவில் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கிருஷ்ணராஜ சாகரின் முழு நீர்மட்டம் 124.80 அடி. இங்கிருந்து வெளியேறும் காவிரி, வழியில் கபினியையும் சேர்த்துக்கொண்டு, மேட்டூர் அணையை அடைகிறது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. மழைக்காலத்தில் இவ்விரு அணைகளின் நீர்மட்டமும் செய்தித்தாள்களில் வெளிவரும். சூலைத் திங்கள் முழுதும் அவ்வெண்களை நாள்தோறும் குறிப்பேட்டில் அருகருகே எழுதி வருக. முதல் அணை நிரம்பி மதகு திறந்த நாளிலிருந்து எத்தனை நாள்களில் மேட்டூரின் எண் உயரத் தொடங்குகிறது என்று கணக்கிடுக. மேட்டூர்ப் பக்கமோ தஞ்சைப் பக்கமோ உறவினர் இருந்தால், நீர் வந்து சேர்ந்த நாளைத் தொலைபேசியில் கேட்டு அதனையும் அருகில் குறித்துக்கொள்க.