பாட்டே இல்லாத படம், பாடகர் இல்லாத கச்சேரி: யார் இந்த 'வீணை' பாலசந்தர்?

தமிழ் சினிமான்னாலே பாட்டுதான். ஆனால் 1954-லேயே பாட்டு, நடனம், சண்டை எதுவுமே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் வந்தது. சிவாஜி கணேசன் நடித்த 'அந்த நாள்'. அதை இயக்கிய எஸ்.பாலசந்தருக்கு அப்போது வயது 27. (கே.பாலசந்தர் இல்லைங்க, இவர் வேற!) பின்னாளில் உலகம் அறிந்த வீணைக் கலைஞர் ஆனவர் இவர்.

கஞ்சிரா வாசித்த சிறுவன்

1927 ஜனவரி 18-ல் சென்னையில் பிறந்தார். 1934-ல் வெளியான 'சீதா கல்யாணம்' படத்தில் அண்ணன் எஸ்.ராஜம் ராமர் வேடம் போட, குட்டிப் பையனான பாலசந்தரும் அதில் தலைகாட்டினார். முதலில் கஞ்சிரா, பிறகு சிதார், கடைசியில் வீணை. வீணைக்கு குருன்னு யாரும் கிடையாது. தானாகவே கற்றுக்கொண்டார்.

இதில் என்ன புதுசு?

நரம்புக் கருவி நமக்குப் பழசுதான். உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணமே சங்க கால எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சீறியாழ் ஏந்திய பாணர்கள் அந்தக் கடற்கரைப் பட்டினம் வழியாக நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகும் பாதையைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஆனால் யாழோ வீணையோ, பெரும்பாலும் பாட்டுக்குத் துணையாகவே இருந்தது. வீணை வாசிப்பவர் கூடவே பாடுவதும் வழக்கம். பாலசந்தரோ, வீணையையே பாட வைக்கணும்னு நினைத்தார்.

எப்படிச் செய்தார்?

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. மெட்டு மெட்டாக விரலை நகர்த்தாமல், ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, பல சுரங்களைக் குரல் போல வளைத்து எடுப்பது அவரது பாணி. ராக் கிட்டார் கலைஞர்கள் தந்தியை வளைப்பதும் இதே தத்துவம்தான். 1960-ல் இங்கிலாந்தின் 'தி ஷேடோஸ்' குழு, பாடகரே இல்லாத 'அபாச்சி' இசையால் கலக்கியது. இரண்டே வருடத்தில், 1962-ல், பாலசந்தரின் வீணை இசைத்தட்டு அமெரிக்காவில் வெளியானது.

எதை விட்டார்?

'அந்த நாள்' மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் பெற்றது. வசூல்தான் கைகொடுக்கவில்லை. பாட்டு மேல் அவருக்கு வெறுப்பெல்லாம் இல்லை. பாலசந்தர் இயக்கி இசையமைத்த 'பொம்மை' (1964) படத்தில் யேசுதாஸ் குரலும் ஒலித்தது. ஆனாலும் 1970-ல் வந்த 'நடு இரவில்' படத்துக்குப் பிறகு, இயக்குநர் நாற்காலியை விட்டுவிட்டு வீணையோடு இருந்துவிட்டார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982-ல் பத்மபூஷண் விருது வந்தது.

சர்ச்சைக்கும் குறைவில்லை. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் நிஜமாவே அவருடையதுதானா என்று கேட்டு, இசை உலகத்தோடு கடைசிவரை மல்லுக்கட்டினார்.

1990 ஏப்ரல் 13. கச்சேரிக்காகப் போயிருந்த பிலாயில் அவர் காலமானார். 'அந்த நாள்' வெளியானதும் ஒரு ஏப்ரல் 13-ல்தான். நடுவே ஓடியது 36 வருடம். படத்துக்குப் பாட்டு கட்டாயமில்லை, வீணைக்குப் பாடகர் கட்டாயமில்லை என்று அவர் காட்டிவிட்டார். ஆனால் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுக்கத் தமிழ் சினிமா இன்றைக்கும் யோசிக்கத்தான் செய்கிறது.