கைப்பொருள் தந்த சகோதரி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் அன்புவழிபுரத்தில், ஒரு மாலைப்பொழுது என் மாணவி ஒருத்தியும் அவள் தாயாரும் என் இல்லம் தேடி வந்தனர். உயர்தரப் பரீட்சையில் நன்கு தேறிய அப்பெண்ணுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது; அதே வாரத்தில் வரனும் வந்திருந்தது. பெண் உழைத்துத்தான் குடும்பம் நடக்க வேண்டும் என்ற நிலை தங்களுக்கு இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமையோடு சொல்லிவிட்டனராம். இரண்டில் எதைக் கொள்வது என்று ஐயாவிடம் கேட்க வந்தனர். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அடுக்களையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த என் தமக்கையாரைப் பார்த்தேன். நெடுங்காலத்திற்கு முன் சென்னையில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாறு என் நெஞ்சில் எழுந்தது. அதையே அவர்களுக்குச் சொன்னேன், ஈண்டும் சொல்கிறேன்.

தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மூத்த மகளாக, 1886ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்புலட்சுமி. பதினொரு வயதளவில் மணம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார். மணம் என்பது யாதென்றும் அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள். தலையை மழித்து, வண்ணம் களைந்து, வீட்டின் இருண்ட மூலையில் இருத்திவிடுவதே அந்நாளைய வழக்கம். தந்தையார் அவ்வழக்கத்திற்கு இணங்கவில்லை. மகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். ஊரும் உறவும் ஏசின. எழும்பூரில் கன்னியர் நடத்திய பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1911இல் அவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்களுள் அவர் ஒருவர்.

தாம் மட்டும் கரையேறினாற் போதும் என்று அவர் எண்ணியிருந்தால், இவ்வரலாறு இங்கேயே முடிந்திருக்கும். மறு ஆண்டிலேயே, 1912இல், இளங்கைம்பெண்கள் சிலரைத் தம்முடன் வைத்துக் கல்வி புகட்டத் தொடங்கினார். தாமும் இளமையிற் கணவனை இழந்தவரான அவர்தம் சித்தி வாலாம்பாள், அவ்வில்லத்திற்குத் தாயாக நின்றார். சாரதா பெண்கள் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றியது.

அம்மையாரின் நுண்ணறிவை வாசகர் இங்கே கருதிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் பெண்பிள்ளைகள் பருவம் எய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டனர். ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர்; பெண் ஆசிரியரோ மிக அரியர். ஒருபுறம் ஆசிரியைகள் இன்றிப் பள்ளிகள். மறுபுறம் செய்ய ஒரு தொழிலும் இன்றி மூலையில் வாடும் இளம்பெண்கள். இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று நிரப்பக் கூடியவை என்று அவர் கண்டார். கைம்பெண்ணுக்கு இரக்கம் காட்டியவர் முன்பும் பலர் இருந்தனர். அவளை மாதச் சம்பளம் பெறும் ஆசிரியையாக ஆக்கலாம் என்று எண்ணிச் செய்து முடித்ததே இவர் செயலின் தனிச் சிறப்பு.

இல்லம் வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென்று சென்னைக் கடற்கரையில் முன்னர் எழுப்பப்பட்டதும், 1897இல் விவேகானந்தர் தங்கியதுமான ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகை, அப்பெண்களின் உறைவிடமாயிற்று. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது, அதன் முதல் தலைவியாகவும் அம்மையாரே அமர்ந்தார். 1927இல் சாரதா வித்தியாலயமும், 1942இல் வயதுவந்த பெண்களுக்கென மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையமும் எழுந்தன.

குறையையும் மறைத்தல் தகாது. அவர் தொடங்கிய இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கே உரியதாக இருந்தது. ஆசாரங்களும் அங்கே வழுவாமல் காக்கப்பட்டன. அவ்வாறு செய்திராவிடின் வைதிகக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பியிரா என்பது உண்மை. அந்த வேலிக்கு வெளியே நின்ற பிற குலத்துப் பெண்களின் துயர் அதனால் குறையவில்லை என்பதும் உண்மையே. பழைய சுவரை இடிக்காமல் அதில் ஒரு வாயிலை அமைத்தவர் அவர். வாயில் எல்லார்க்கும் திறக்கப் பின்வந்தோர் உழைக்க வேண்டியிருந்தது.

1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்த அவருக்கு, 1958இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், வைகுண்ட ஏகாதசியன்று அவர் மறைந்தார்.

நம் நாட்டிலும் அதே காலத்தில் பெண்கல்வி வேர்விட்டது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இத்திருகோணமலையிலேயே பெண்களுக்கெனப் பள்ளி நிறுவினார். இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி அதுவே. 1931இல் இலங்கைப் பெண்கள் ஆடவரோடு ஒப்ப வாக்குரிமையும் பெற்றனர். ஆயினும் வாக்குச் சீட்டு வந்த கைக்குத் தன் உழைப்பின் ஊதியம் வந்து சேர்ந்ததா என்று ஒவ்வோர் இல்லத்திலும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

என் இல்லத்தையும் விலக்காமற் கேட்கிறேன். என் தமக்கையார் இருபத்து நான்கு வயதிற் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பினார். சோறு போட நாங்கள் இருக்க உனக்கேன் அலைச்சல் என்று பெரியவர்கள் தடுத்தனர், நானும் வாளாவிருந்தேன். அதனை அன்பென்றே நாங்கள் அனைவரும் நம்பினோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்களுக்குச் சமைத்துப் போட்ட அவர், கோணேசர் கோயில் உண்டியலில் இடும் காசுக்கும் என் கையையே எதிர்பார்க்கிறார். ஔவையைப் பாடஞ்சொல்லும் பண்டிதனுக்கு இது விளங்க இத்தனை காலம் ஆயிற்று.

இவ்வளவும் கூறி முடித்தபின், மாணவியின் தாயார் நெடுநேரம் பேசவில்லை. வரன் நல்லதாயின் பயிற்சி முடியும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள், காத்திருக்க மாட்டாதவர் பின்னர் எதைத்தான் பொறுப்பார் என்றேன். முடிவு அப்பெண்ணுடையது, அதனை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் விடைபெற்றபோது, வாயில்வரை சென்று வழியனுப்பியவர் என் தமக்கையார். கல்லூரி தொடங்கும் நாள் எது என்று அவர் அப்பெண்ணிடம் கேட்டது என் காதில் விழுந்தது.