வாய்க்குள் தெரியும் முன்னறிவிப்பு

போன வருஷம் ஈறில் ரத்தம் கசிகிறதே என்று பல் டாக்டரிடம் போனேன். சுத்தம் பண்ணி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொன்னார். முப்பத்தாறு வயசில் எனக்கெதற்கு என்று அலட்சியமாகத்தான் போனேன். சர்க்கரை இருந்தது!

வாயைப் பார்த்து உடம்பின் நோயைச் சொன்னவர்களைப் பற்றித் தேடிப் படித்தது அதற்கப்புறம்தான். அவர்களில் என் மனசில் நின்றவர், டாக்டர் ஹென்றி காப்லிக்.

1858-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1881-ல் மருத்துவப் பட்டம் பெற்று, ஐரோப்பாவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பினார். பிற நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். கெட்ட பாலே பல குழந்தைகளுக்கு எமனாக இருந்த காலம் அது. கிருமி நீக்கிய பாலை வழங்கும் நிலையத்தை 1889-ல் அங்கேயே தொடங்கினார்.

அந்த நெரிசலில் இன்னொரு எமன் தட்டம்மை. நம் ஊரில் மணல்வாரி என்போமே, அதுதான். மேலே தடிப்பு தெரிந்த பிறகு குழந்தையைத் தனியே படுக்க வைத்து என்ன பயன்? அதற்குச் சில நாட்கள் முன்பே நோய் மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். முதலில் இருப்பதோ வெறும் காய்ச்சலும் சளியும்தான். எந்தக் குழந்தைக்கு அம்மை வரப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காப்லிக் நல்ல பகல் வெளிச்சத்தில் குழந்தைகளின் வாய்க்குள் பார்த்தார். கன்னத்தின் உட்புறம், சிவந்த பொட்டுகளின் நடுவே, நீலம் பாய்ந்த மிகச் சிறிய வெண்புள்ளிகள். அவை தெரிந்தால் ஓரிரு நாளில் அம்மைத் தடிப்பு வரும் என்று 1896-ல் எழுதினார். அவருக்கு முன்பே சிலர் அவற்றைக் கவனித்ததுண்டு. ஆனால் நோயை முன்கூட்டியே அறியும் அடையாளமாக மருத்துவ உலகை ஏற்க வைத்தவர் இவரே. மவுன்ட் சினாய் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி, 1927-ல் காலமானார். தட்டம்மைத் தடுப்பூசி வந்தது 1963-ல்தான். அந்தப் புள்ளிகளுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

காப்லிக் குழந்தை மருத்துவர். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாயை முழுசாகத் திறந்து காட்டுவது பல் டாக்டரிடம் மட்டும்தானே! சர்க்கரை, ரத்தசோகை, புற்றுநோய் என்று பலவற்றின் முதல் தடயம் அவர் கண்ணில் படலாம்.

இயந்திரத்தில் சொட்டு எண்ணெய் கசிந்தாலும் நிறுத்திப் பார்க்கச் சொல்லித்தான் நம் கல்லூரிப் பட்டறையில் பழக்கினார்கள். சொந்த ஈறு கசிந்தபோது நான் ஆறு மாசம் சும்மா இருந்தேன். நண்பர்களே, தம்பி தங்கைகளே, நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.