வ.உ.சி.யும் உழைப்பவர் உரிமையும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் அருவியாய் இறங்கி, நெல்லைச் சீமையை வளப்படுத்திப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அவ்வருவியின் நீர்விசையைக் கொண்டு ஹார்வி நிறுவனத்தார் நூற்பாலை ஒன்றை இயக்கினர். தூத்துக்குடியில் இருந்த கோரல் ஆலையும் அவர்களது நிர்வாகத்தின்கீழ் இயங்கியது. அந்த ஆலையின் தொழிலாளர்கள் எழுப்பிய உரிமைக்குரலுக்குத் தலைமை தாங்கியவர் வ.உ.சிதம்பரனார்.

ஏழைகளின் வழக்கறிஞர்

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஓட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாதர், பரமாயி அம்மையார் ஆகியோரின் மகனாக வ.உ.சி. பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞரான அவர், ஏழைகளுக்காக வாதாடி நற்பெயர் பெற்றார். ஆங்கிலேயரின் கடல் வணிக ஆதிக்கத்தை எதிர்த்து 1906ஆம் ஆண்டு சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல்கள் ஓடின. நாட்டின் விடுதலை என்பது அதன் உழைப்பாளிகளின் விடுதலையையும் உள்ளடக்கியது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

அக்காலத்தில் நூற்பாலைகளில் ஆடவர் எத்தனை மணிநேரம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுக்கவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். போதிய ஓய்வும் விடுமுறையும் இன்றி வாடினர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவற்றைக் கோரினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் அவர்களுக்குத் துணைநின்றனர். வேலையிழந்த குடும்பங்கள் பட்டினி கிடவாதிருக்கப் பொதுமக்களிடம் வ.உ.சி. உதவி திரட்டினார். நிர்வாகத்தை ஆதரித்துப் பேசியவர்களுக்கு முடிதிருத்துவோரும் துணி வெளுப்போரும் பணிசெய்ய மறுத்தனர். ஊர் முழுவதும் ஒன்றுபட்டு நின்றதால் மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

இவ்வெற்றியை அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 12ஆம் நாள் திருநெல்வேலியில் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். காவலரின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை அவர்கள் கேட்டது கூலியன்று. தம் தலைவரின் விடுதலை.

அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டுகள், சிவாவுக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு இருபது ஆண்டுகள் என வ.உ.சி.க்கு நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில், மாடு இழுக்கும் செக்கை அவர் இழுக்க நேர்ந்தது. பின்னர்க் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட அவர், 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலையானார். அதற்குள் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வறுமை சூழ்ந்த அந்நாளில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய நிதி காந்தியடிகள் வழியாக வந்து சேர்ந்தது. அத்துன்பத்திலும் அவர் சென்னையில் தொழிலாளர் பணியைக் கைவிடவில்லை. மணக்குடவர் உரையுடன் திருக்குறளைப் பதிப்பித்துத் தமிழ்ப்பணியும் ஆற்றினார். பிற்காலத்தில், நீதிபதி வாலஸின் உதவியால் உரிமத்தைத் திரும்பப் பெற்றார். அந்நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.

உலகம் ஏற்ற உரிமைகள்

கோரல் ஆலைப் போராட்டம் நடந்து பதினோராண்டுகள் கழித்து, 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தோன்றியது. இந்தியாவும் அதன் தொடக்ககால உறுப்பு நாடாகும். அவ்வமைப்பின் முதல் உடன்படிக்கை, நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணிநேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. எனினும், ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த இந்தியாவுக்கு வாரத்துக்கு அறுபது மணிநேரம் என விதிவிலக்கு அளிக்கப்பட்டது. உலக மன்றத்தில் நீதி பேசப்பட்டபோதும் அடிமை நாட்டின் உழைப்பாளிக்கு அது முழுமையாகக் கிட்டவில்லை. ஏழு நாள்களில் ஒரு நாள் ஓய்வு என்பதை 1921ஆம் ஆண்டின் உடன்படிக்கை உறுதிசெய்தது. தூத்துக்குடித் தொழிலாளர்கள் அதனை 1908லேயே போராடிப் பெற்றிருந்தனர்.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வ.உ.சி. தூத்துக்குடியில் இயற்கை எய்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கை, நியாயமான ஊதியமும் ஓய்வும் சங்கம் அமைத்தலும் மனிதர் அனைவரின் உரிமை என்றது. அரசியல் கருத்துக்காகவோ வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காகவோ ஒருவரைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தக் கூடாது என 1957ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை விதித்தது. இந்தியா அதனை 2000ஆம் ஆண்டில் ஏற்றது.

உலக மன்றங்கள் வகுக்கும் சட்டங்கள் அம்மன்றங்களிலேயே பிறப்பவை அல்ல. கூலி குறைந்த ஆலைகளிலும் சிறைக்கொட்டடிகளிலும் துன்புற்றவர்களின் துணிவே அவற்றுக்கு வித்து. வ.உ.சி. இழுத்த செக்கு, சென்னைக் கிண்டியில் உள்ள காந்தி மண்டப வளாகத்தில் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வுக்குப் பின்னே ஒருவரின் உடல் பட்ட பாடு உண்டு என்பதை அது உணர்த்துகிறது.