கணினியின் கதவைத் திறந்தவர்

1980-களில் கணினியோடு முதன்முதலாகப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். மின்விசையைப் போட்டதும் திரையில் ஓரிரு வரிகள் தோன்றும். அவற்றின் கீழே சிறு குறி ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். படங்கள் இல்லை, பொத்தான்கள் இல்லை. நாம் தட்டெழுதப்போகும் கட்டளையை எதிர்பார்த்து 'பேசிக்' என்னும் நிரல்மொழி அங்கே காத்திருக்கும். 1984-85-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டு வகுப்பறைகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகளும் அவ்வாறே கண்விழித்தன. அந்த மொழியைப் படைத்த இருவருள் ஒருவர் ஜான் ஜார்ஜ் கெமெனி.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1926 மே 31-ஆம் தேதி யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். நாஜிகளால் வரவிருந்த ஆபத்தை முன்னுணர்ந்த தந்தை முதலில் தனியே அமெரிக்கா சென்றார்; 1940-இல் குடும்பத்தையும் அங்கு வரவழைத்துக்கொண்டார். வர மறுத்துச் சொந்த மண்ணிலேயே தங்கிவிட்ட தாத்தா, யூத இனப் படுகொலைக்குப் பலியானார். நியூயார்க்கில் பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்த கெமெனி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் அவரை லாஸ் அலமாஸுக்கு இட்டுச் சென்றது. அணுகுண்டுத் திட்டத்தின் கணக்கீட்டுப் பிரிவில், ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் கீழ், துளையிட்ட அட்டைகளால் இயங்கும் எந்திரங்களோடு இரவு பகலாக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. நிரலைத் தன் நினைவகத்திலேயே சேமித்துவைக்கும் கணினி குறித்து ஜான் வான் நியூமன் ஆற்றிய உரையை அவர் கேட்டதும் அங்குதான். போருக்குப் பின் பிரின்ஸ்டன் திரும்பி, ஐன்ஸ்டைனின் கணித உதவியாளராகப் பணியாற்றினார். 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1953-இல், தமது 27-ஆவது வயதில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியரானார்.

அக்கல்லூரியில் அப்போது கணினி இல்லை. 1956-இல் அங்கு வந்துசேர்ந்த சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ், நிரல்கள் துளையிடப்பட்ட அட்டைகளைப் பெட்டியில் சுமந்துகொண்டு ரயிலில் பாஸ்டன் பயணம் செய்து, எம்ஐடி-யில் இருந்த கணினியில் அவற்றை இயக்கிவருவார். நிரலில் சிறு பிழை இருந்தாலும் அடுத்த பயணம் வரை பொறுத்திருக்க வேண்டும். கணினி அன்று கருவறைத் தெய்வம்போல இருந்தது, இயக்குநர்களே அர்ச்சகர்கள். நிரலை எழுதியவர் வெளியே நின்று விடைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்ற இருவரும் உறுதிபூண்டனர். டார்ட்மத் மாணவர்களுள் பெரும்பாலோர் அறிவியல் பயிலாதவர்கள். நாளை நாட்டையும் நிறுவனங்களையும் நடத்தப்போகும் அவர்கள் கணினியை அறியாமல் இருக்கலாகாது என்பது கெமெனியின் கருத்து. அதற்கு இரண்டு தேவைப்பட்டன: ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாடு, சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளத்தக்க மொழி. மொழிக்கான கம்பைலரை எழுதும் பணியைக் கெமெனி ஏற்றார். பகிர்வு ஏற்பாட்டுக்கான நிரல்களை எழுதியவர்கள் இளநிலை மாணவர்கள். 1964 மே 1-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு, இரு முனையங்களிலிருந்து இரு பேசிக் நிரல்கள் ஒரே வேளையில் இயங்கின. நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப்போல, மாணவர்கள் கட்டணமின்றிக் கணினியைப் பயன்படுத்தினர்.

1970-இல் கெமெனி அக்கல்லூரியின் தலைவரானார். அதுவரை ஆண்களுக்கு மட்டுமே இடமளித்த டார்ட்மத், 1972-இல் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது அவருடைய தலைமையில்தான். 1979-இல் திரீ மைல் ஐலண்டு அணு உலை விபத்தை ஆராய்ந்த ஆணையத்துக்கு அவரைத் தலைவராக அதிபர் ஜிம்மி கார்ட்டர் நியமித்தார். கருவிகளின் கோளாறைவிட மனிதர்களும் நிறுவனங்களும் செயல்பட்ட விதமே அடிப்படைச் சிக்கல் என்று அந்த ஆணையம் கண்டறிந்தது. இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் அவர் வகுப்பெடுப்பதைக் கைவிடவில்லை.

அவர் நிர்வாகத்தில் மூழ்கியிருந்த அந்த ஆண்டுகளில், பேசிக் கல்லூரி வளாகத்தைவிட்டு வெளியேறி மேசைக்கணினிகளில் குடியேறியது. டார்ட்மத்தின் கம்பைலர், நிரல் முழுவதையும் ஒருசேர எந்திர மொழிக்கு மாற்றிய பிறகே இயக்கும். 1975-இல் வந்த ஆல்டேர் 8800 போன்ற சிறு கணினிகளில் அதற்கு இடம் போதவில்லை. அங்கு பொருந்தியது இன்டர்பிரெட்டர். அது நிரலை வரி வரியாகப் படித்து, பொருள் கண்டு, அப்போதே நிறைவேற்றும். வேகம் குறைவு, ஆனால் சிற்றிடத்தில் அடங்கும், தட்டிய கட்டளைக்கு உடனே விடை தரும். பில் கேட்ஸ், பால் ஆலன், மான்டி டேவிடாஃப் ஆகியோர் எழுதிய பேசிக் இன்டர்பிரெட்டர் 4 கிலோபைட் நினைவகத்துக்குள் இயங்கியது. தொடக்கத்தில் அதனைத் துளைநாடாவிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2, கமடோர் பெட் போன்ற கணினிகளிலோ பேசிக் ரோம் சில்லிலேயே பதிந்து வந்தது. நிறுவும் வேலையே இல்லை. மின்விசையைப் போட்டால் போதும்.

தாம் பெற்ற பிள்ளை உலகெங்கும் உலவுவதைக் கண்டு கெமெனி மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, அவர் வேதனையுற்றார். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்கேற்ப மொழியைச் சுருக்கியும் வளைத்தும் கொண்டது. ஒரு கணினிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓட மறுத்தது. டார்ட்மத்தில் அம்மொழி வளர்ந்து செப்பமடைந்திருந்தது. சிறு கணினிகளிலோ அது தன் பழைய குறைகளோடு உறைந்து நின்றது. டைக்ஸ்ட்ரா போன்ற கணினி அறிஞர்கள், பேசிக் மாணவர்களின் சிந்தனையையே கெடுத்துவிடும் என்று கடிந்துரைத்தனர்.

தலைவர் பதவியிலிருந்து 1981-இல் விலகிய கெமெனி, கர்ட்ஸுடன் சேர்ந்து 1983-இல் ட்ரூ பேசிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஐபிஎம் பிசி, மெக்கின்டாஷ் எனக் கணினி எதுவாயினும், ஒருமுறை எழுதிய நிரல் மாற்றமின்றி இயங்க வேண்டும் என்பதே நோக்கம். அதை அவர்கள் செய்தும் காட்டினர். ஆயினும் சந்தையை வெல்ல இயலவில்லை. கணினியோடு விலையின்றி வந்த மொழி ஒருபுறம். தனியே விலைகொடுத்து வாங்கி நிறுவ வேண்டிய மொழி மறுபுறம். சிறந்ததைவிட, கைக்கெட்டிய தொலைவில் இருந்ததே வென்றது.

இதில் ஒரு முரண் உண்டு. கற்பவருக்கும் கணினிக்கும் இடையில் எந்தத் தடையும் இருக்கலாகாது என்று 1964-இல் போராடியவர் கெமெனி. அவர் குறைகண்ட இன்டர்பிரெட்டர்கள்தாம் அந்தக் கொள்கையை லட்சக்கணக்கான வீடுகளில் நடைமுறையாக்கின. மொழியின் தூய்மையில் அவர் தோற்றார். மொழியின் நோக்கத்தில் வென்றார். 1992 டிசம்பர் 26-ஆம் தேதி, 66-ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்று பைத்தான் போன்ற செப்பமான மொழிகளின் இன்டர்பிரெட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கெமெனி விரும்பியவாறு, ஒரே நிரல் பல வகைக் கணினிகளிலும் இயங்குகிறது. ஆனால், கணினியைத் திறக்கும் சிறுவனை இன்று வரவேற்பது மினுக்கும் குறி அன்று, காணொலிகளும் விளையாட்டுகளும்தாம். மொழியைத் தேடிப்பிடித்து நிறுவிக்கொள்ள அவனுக்கு யாரேனும் வழிகாட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வழிகாட்டலுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பள்ளியிலும் வீட்டிலும் இருக்கும் கணினியில் ஒரு நிரல்மொழியை நிறுவிக்கொடுத்து, முதல் வரியை எழுதக் கற்றுத்தந்தால் போதும். பிறர் செய்த செயலிகளை நுகர்வதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடுவார்களா, தாங்களே ஆக்குவார்களா என்பதற்கான விடை அந்த ஒற்றை வரியிலிருந்துதான் தொடங்குகிறது.