பெயரை மறைத்து வாழ்ந்த முதல் நாயகி

சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்குச் சிலை இருக்கிறது. அவர் நாகர்கோவில் மண் தந்த கலைஞர். அதே நாகர்கோவிலில் இன்னொரு சினிமாக் கலைஞரும் வாழ்ந்தார். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகியான அவர், தான் நடிகை என்பதையே மறைத்து வாழ வேண்டியிருந்தது. அவர்தான் பி.கே.ரோசி.

1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ராஜம்மா. புல் அறுத்துப் பிழைத்த ஏழைப் பெண். ஆனால் நடிப்பில் தீராத ஆசை. காக்காரிசி என்ற நாட்டார் நாடகத்தில் நடித்துவந்தார்.

அப்போது ஜே.சி.டேனியல் என்ற இளைஞர் சொத்தை விற்று, மலையாளத்தின் முதல் மௌனப்படமான 'விகதகுமாரன்' எடுத்துக்கொண்டிருந்தார். பம்பாயிலிருந்து வந்த நடிகை ஒத்துவராமல் போகவே, வாய்ப்பு ரோசிக்குக் கிடைத்தது. அவர் ஏற்ற வேடம் சரோஜினி என்ற நாயர் பெண்.

அதுதான் குற்றமாகிவிட்டது. திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது, நாயகிக்கே முதல் காட்சியில் இடமில்லை. அவர் உள்ளே இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்றனர் மேல்சாதிப் பிரமுகர்கள். நாயகியின் கூந்தல் பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் திரை மீது கல் பறந்தது. ரோசியின் குடிசையும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. உயிர் பிழைக்க, அந்த வழியே வந்த லாரியில் ஏறி நாகர்கோவில் சேர்ந்தார். லாரி ஓட்டுநர் கேசவபிள்ளையையே மணந்து, ராஜம்மாளாகக் குடும்பம் நடத்தினார். அதன்பின் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 1988இல் மறைந்தார்.

இது நம் மண்ணில் மட்டும் நடந்ததல்ல. 1939இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 'கான் வித் தி விண்ட்' படத்தின் முதல் காட்சிக்கு, அதில் நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் வர முடியவில்லை. நிறவெறிச் சட்டம் தடுத்தது. ஆனால் மறு ஆண்டே அவர் ஆஸ்கர் விருது பெற்றார், தொடர்ந்து நடித்தார். ரோசிக்கோ ஒரே படத்தோடு எல்லாம் முடிந்தது. அந்தப் படச்சுருளும் இன்று இல்லை. அவர் நடித்த ஒரு காட்சியைக்கூட நம்மால் பார்க்க முடியாது.

மிஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். அதை மீட்கவே பல ஆண்டுகள் ஆயின. 2013இல் வந்த 'செல்லுலாய்டு' படம் அவர் கதையைச் சொன்னது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் அவர் பெயரால் திரைப்பட விழா நடத்துகிறது.

ரோசிக்கு நடிக்கத் தெரியாது என்று யாரும் கல்லெறியவில்லை. இந்தச் சாதிப் பெண் அந்தச் சாதிப் பெண்ணாக நடிப்பதா என்றுதான் எறிந்தார்கள். பள்ளி நாடகத்தில் வேடம் பிரிக்கும்போதும், ஊர்த் திருவிழாவில் மேடை ஏற்றும்போதும் இதே கேள்வி இன்றும் எழுகிறதா என்று நாம் பார்க்க வேண்டும். எழுந்தால், மாணவர்களே, ரோசியின் கதையை அங்கே சொல்லுங்கள்.