ஸ்ரீமந்நாதமுனிகள்: தேவகானம் பயிற்றிய ஆசார்யர்

மார்கழி விடியலில் சிறுசேரியிலிருந்து புறப்பட்டுக் கேளம்பாக்கம் வழியே திருவிடவெந்தைக்கோ, இன்னும் தெற்கே திருக்கடல்மல்லைக்கோ ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் பலர், அங்கே கோஷ்டியில் நின்று அருளிச்செயல் சொல்லவும் விரும்புகிறார்கள். சில நாள்களிலேயே ஒன்று விளங்கிவிடுகிறது. பாசுரம் மனப்பாடமாகிறது, குரல்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. முதல் நூறு பாசுரங்களை உரக்கச் சொன்னவர் இரண்டாம் நூற்றில் தொண்டை கட்டி வெறும் வாயசைப்போடு நிற்கிறார். அடியோமும் அவ்வாறு நின்றவர்களே. அந்த வெட்கத்தோடு நாதமுனிகளின் சரித்திரத்தை மறுபடி வாசித்தபோது, மறைந்துபோன பாசுரங்களை மீட்டவராக மட்டுமே அவரை இதுகாறும் போற்றி வந்தோம் என்பதும், குரல் பயிற்றிய ஆசார்யராக அவரை நினைந்து பார்க்கவில்லை என்பதும் புலப்பட்டன.

ஆனி மாதத்து அனுஷத்தில், வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில், ஈச்வரபட்டரின் திருக்குமாரராக அவதரித்தவர் நாதமுனிகள். அவருடைய காலத்தை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வைத்துச் சொல்வர். இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி அவ்வூரை அடுத்தது. முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயரே ஏரிக்கும் ஊருக்கும் வழங்கியது. நாதமுனிகள் குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை சென்று, யமுனைக் கரையில் சில காலம் எழுந்தருளியிருந்து, காட்டுமன்னார் நியமனத்தால் ஊர் திரும்பினார். பின்னாளில் அவருடைய திருப்பேரனாருக்கு யாமுனர் என்று திருநாமம் சாற்றியதில் அந்த ஆற்றங்கரையின் நினைவு உண்டு.

ஊருக்கு வந்த ஸ்ரீவைஷ்ணவர் சிலர் மன்னனார் ஸந்நிதியில் திருக்குடந்தைப் பெருமானைப் பற்றிய பதிகம் ஒன்றை அநுஸந்தித்த வரலாறு வாசகர்கள் அறிந்ததே. அப்பதிகத்தின் முடிவில் ஆயிரத்துள் இப்பத்து என்ற குறிப்பு வருகிறது. மற்றவை எங்கே என்று நாதமுனிகள் வினவ, வந்தவர்களுக்கு அப்பத்துக்கு மேல் தெரிந்திருக்கவில்லை. ஓர் ஆயிரத்தில் பத்து மட்டும் மனிதர் நாவில் எஞ்சியிருந்தது. அவ்வளவு மெல்லிய இழையில் திருவாய்மொழி தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

அவர் திருக்குருகூர் சென்று பராங்குசதாசரைக் கண்டார். மதுரகவியாழ்வார் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பைத் திருப்புளியின் முன்னே பன்னீராயிரம் உரு சொல்லும்படி தாசர் தெரிவித்தார். இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பார்ப்போம். அப்பிரபந்தத்தில் பாசுரங்கள் 11. பன்னீராயிரம் உரு என்றால் 1,32,000 பாசுரங்கள். ஓர் உருவுக்கு மூன்று நிமிடம் என்று கொண்டாலும் 600 மணி நேரம் ஆகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சொன்னாலும் ஐம்பது நாள். நாம் அரை மணியில் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறோமே! இவ்வளவும் சொல்லி முடிக்க வேண்டுமானால் கத்திச் சொல்ல இயலாது. தன் இயல்பான சுருதியில், மூச்சு தீருமுன் நிறுத்தி, நாவும் உதடும் சொல்லைத் தெளிவாக்க, தொண்டையை இறுக்காமல் சொன்னால்தான் ஐம்பதாவது நாளிலும் குரல் இருக்கும். உருவேற்றுதலின் பயன் நம்மாழ்வாருடைய கடாக்ஷமே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தவத்தினூடே ஒரு திருமிடறும் பக்குவப்பட்டிருக்கும் என்றே கருதுகிறோம். ஆழ்வார் ப்ரஸாதித்தது திருவாய்மொழி மட்டுமன்று. நாலாயிரமும் அவருக்குக் கிடைத்தது.

ஊர் மீண்டவர், மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் அழைத்து, அருளிச்செயலைத் தேவகானத்தில் பயிற்றுவித்தார். இசையோடு பாடத்தக்கவற்றைப் பண்ணும் தாளமும் அமைத்துப் பாடச் செய்தார். இயற்பாவை இயலாகவே நிறுத்தினார். திருக்கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதி இயற்பாவில் சேர்ந்தது. ஆகவே நம் கடற்கரை ஆழ்வாரைப் பாடாமல், சொல்லி அநுபவிக்கிறோம். பாடும் குரலுக்கு ஒரு பயிற்சி, சொல்லும் குரலுக்கு ஒரு பயிற்சி என்னும் பாகுபாடு இதில் அடங்கியிருக்கிறது. வெண்பாவின் சீர்களைப் பிசகாமல் சொல்வது பாடுவதைவிட எளிதென்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

இன்றும் ஸந்தை முறையில், ஆசார்யர் ஒருமுறை சொல்வதைச் சீடர்கள் இருமுறை திருப்பிச் சொல்கிறார்கள். செவி முதலில், நா பிறகு. பல கோயில்களில் கோஷ்டி இரண்டாகப் பிரிந்து, பாசுரத்தின் முற்பகுதியை ஒரு சாராரும் பிற்பகுதியை மறுசாராரும் சொல்வதுண்டு. ஒருவர் சொல்லும்போது மற்றவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ளலாம். பல மணி நேரம் நீளும் சேவாகாலத்தைத் தாங்குவது இந்த ஏற்பாடுதான். புதிதாக வருபவர்கள் தங்கள் முறை அல்லாதபோதும் விடாமல் சொல்லிக் களைத்துப்போகிறார்கள்.

செவியின் நுட்பத்தில் நாதமுனிகளுக்கு இருந்த ஆற்றலைக் குருபரம்பரை ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறது. சோழன் சபையில் இருவர் பாட, மனுஷ்ய கானம் பாடியவளை மன்னன் கொண்டாடினான். தேவகானம் பாடியவளை அவன் மதிக்கவில்லை. அவள் வீரநாராயணபுரம் வந்து பெருமாள் திருமுன்பே பாடினாள். நாதமுனிகள் அதன் அருமையை உணர்ந்து ஆதரித்தார். செய்தி கேட்டு வந்த மன்னனுக்குத் தெளிவுண்டாக, பல தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்து, ஓசையைக் கொண்டே ஒவ்வொன்றின் எடையையும் அவர் சொன்னார் என்பர். ஒலியைப் பகுத்துக் கேட்கத் தெரிந்தவரிடம் பயின்ற குரல்கள் எப்படி இருந்திருக்கும்!

அவர் வடமொழியில் ந்யாயதத்த்வம், யோகரஹஸ்யம் என்னும் நூல்களை அருளினார். யோகரஹஸ்யம் நமக்குக் கிடைக்கவில்லை. ந்யாயதத்த்வமோ பிற்கால ஆசார்யர்கள் எடுத்துக்காட்டிய சில பகுதிகளால் மட்டுமே அறியப்படுகிறது. ஏட்டில் எழுதியவை இப்படிப் போக, இரண்டு மருமக்களின் கண்டத்தில் வைத்தவை நின்றன. உய்யக்கொண்டார் முதலான சீடர்களிடம் ஸம்ப்ரதாயத்தை ஒப்படைத்து, வேட்டைக்கு வந்த மன்னனையும் உடன் வந்தோரையும் பெருமாளும் பிராட்டியும் இளையபெருமாளுமாகவே கண்டு பின்தொடர்ந்து சென்று, அந்த அநுபவத்திலேயே நாதமுனிகள் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

மருமக்களின் வழியில் வந்தவர்களே அரையர்கள் என்பது ஸம்ப்ரதாயம். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய இடங்களில் இன்றும் குல்லாய் தரித்துக் கையில் தாளத்தோடு அவர்கள் ஸேவிக்கிறார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே இப்போது இதனைச் சுமக்கின்றன. ஒரு தலைமுறை கற்கத் தவறினால், எந்த ஒலிப்பதிவும் அபிநயத்தோடு கூடிய அந்தக் குரலை முழுதும் திருப்பித் தராது என்று அஞ்சுகிறோம்.

ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாளரையரிடம் அருளிச்செயல் கேட்கச் சென்ற எம்பெருமானார், ஆறு மாத காலம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள்காப்பு அரைத்துக் கொடுத்தும் கைங்கர்யம் செய்தார். ஒருநாள் அரைத்த மஞ்சள்காப்பு அரையருடைய திருவுள்ளத்துக்கு உகந்ததாக இல்லை என்பதை முகக்குறிப்பால் அறிந்து, அதை விட்டு வேறு அரைத்துக் கொண்டுவந்து சமர்ப்பித்தார். அதன் பின்னரே அரையர் மனமுவந்து அர்த்தவிசேஷங்களை அருளிச்செய்தார்.